வயதைச் சொல்லும் முக்கோணங்கள்

கேள்வி: அமெரிக்காவில் உள்ள அண்ணன், பழைய சாமான் கடையில் வாங்கியதாக ஒரு கறுப்பு வெள்ளை அஞ்சலட்டை அனுப்பினார். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ‘சேதர் கேட்’ வாசல் படம். பின்பக்கம் எழுத்தோ தபால்தலையோ இல்லை. தலை ஒட்டும் கட்டத்தில் ‘ஏஇசட்ஓ’ என்ற மூன்று எழுத்துகள், மூலைக்கொரு முக்கோணம். படத்தின் இருண்ட ஓரங்கள் வெள்ளி பூசியதுபோல் மினுங்குகின்றன. எந்தக் காலத்தது? லேமினேட் செய்து வைக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம். படம் இருப்பது ஜெலட்டின் படலத்தில். சூட்டில் அது இளகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க வழியில்லை.

முதலில் இது அச்சா, அசல் புகைப்படமா என்று பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைப் படத்திலுள்ள வானத்தின் மேல் வையுங்கள். அச்சாக இருந்தால் கோலப்புள்ளி போல வரிசையாகப் புள்ளிகள் தெரியும். புகைப்படத்தில் சாம்பல் நிறம் புள்ளியின்றிக் கரைந்து போகும். நீங்கள் சொல்லும் மினுக்கமும் புகைப்படத்துக்கே சாட்சி. ஈரமும் கெட்ட காற்றும் பட்டு, படத்திலுள்ள வெள்ளி மேற்பரப்புக்கு ஏறி வந்திருக்கிறது. துடைத்தால் படமே போய்விடும், விட்டுவிடுங்கள்.

‘ஏஇசட்ஓ’ என்பது புகைப்படத்தாளின் பெயர். நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் தாள் ஏறத்தாழ 1904–1918. இரண்டு மேலும் இரண்டு கீழும் என்றால் 1918–1930. சேதர் கேட் கட்டி முடிந்தது 1910இல். ஆக, எல்லாம் மேல்நோக்கியிருந்தால் உங்கள் அட்டை பெரும்பாலும் 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது. ஆனால் இது தாளின் வயதுதான். மீந்த தாளில் பின்னாளிலும் படம் போடுவார்கள், பழைய நெகடிவிலிருந்தும் பிரதி எடுப்பார்கள்.

தூண்களையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அவற்றில் ஆடையற்ற ஆண், பெண் உருவங்களோடு எட்டுச் சலவைக்கல் பலகைகள் இருந்தன. சர்ச்சை கிளம்பி 1910லேயே கழற்றிவிட்டார்கள். 1970களின் இறுதியில்தான் திரும்ப வந்தன. பழைய தாளில் பலகைகளோடு படம் இருந்தால் வாசல் திறந்த புதிதில் எடுத்தது! படத்தின் அடியில் கையால் எழுதிய வெள்ளை எழுத்து இருந்தால், அது நெகடிவில் இடவலம் மாற்றி எழுதியது. அவசரத்தில் ஓரிரு எழுத்து திரும்பியே நின்றுவிடுவதும் உண்டு.

பாதுகாக்க, பாலியெஸ்டர் உறை அல்லது அமிலமில்லாத காகித உறை போதும். புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் பிவிசி உறை கூடாது, செல்லோடேப்பும் கூடாது. வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

ஸ்கேன் செய்வதானால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பாக. மூன்றரைக்கு ஐந்தரை அங்குல அட்டைக்கு 2100க்கு 3300 புள்ளிகள் கிடைக்கும். மினுங்கும் இடம் ஸ்கேனரில் நீலம் பாய்ந்து வெளிறினால், ஜன்னலோரப் பக்க வெளிச்சத்தில் கேமராவால் எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.