திருமுழுக்கு வாக்குறுதிகள்: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கத்தோலிக்க மறைக்கல்வி நடத்தும் வேதியர் பதில் அளிக்கிறார். ராசி, நல்ல நேரம், பெயர் எண் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது.

கேள்வி: ஐயா, எங்கள் செம்பனைத் தோட்டத்து மேலாளரை என் மகனின் திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) ஞானத்தந்தையாக வைக்கலாமா? அவர் இந்து. மிகவும் நல்லவர்.

பதில்: முடியாது. ஞானப்பெற்றோர் 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். நல்லவரை விருந்துக்கு அழையுங்கள். சங்கிலி போடுவார் என்று ஞானத்தந்தை தேடாதீர்கள்.

கேள்வி: மாரியம்மன் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா பிரசாதம் கொண்டுவருகிறார். வாங்கலாமா?

பதில்: விருந்துக்கு அழைத்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடச் சொல்லும் பவுல், "இது படைத்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் மனச்சான்றை முன்னிட்டு உண்ண வேண்டாம் என்கிறார் (1 கொரிந்தியர் 10). அக்கா வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். படைத்ததை முகம் சுளிக்காமல் கைகூப்பி மறுத்துவிடுங்கள். "பேய்க்குப் படைத்தது" என்று மட்டும் வாய்விட்டுவிடாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அந்த அக்காதானே?

கேள்வி: உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய பாஸ்கா இரவில் மெழுகுவர்த்தியோடு நின்று, திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பித்து, "சாத்தானை விட்டுவிடுகிறேன்" என்கிறோம். மறுநாள் எதை விடுவது?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். சாத்தான் என்றதும் நம்மவர்கள் செய்வினை, பேய் என்று செம்பனைக் காட்டுக்குள் தேடுகிறார்கள். நான் சம்பள நாளில் வங்கி வாசலில் தேடுவேன். ரப்பர் வளையம் போட்ட ஏ.டி.எம். அட்டைக் கட்டோடு ஒருவர் நிற்பார். ஒவ்வொரு அட்டையிலும் ரகசிய எண் எழுதிய துண்டுத்தாள் ஒட்டியிருக்கும். எல்லாம் தோட்டத்து ஆட்களின் அட்டைகள். வட்டியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். சட்டைக்குள் சிலுவை தொங்கும்.

கேள்வி: ஐயா, என்னைத்தான் சொல்கிறீர்கள். உரிமம் இல்லைதான். ஆனால் மாதம் நூற்றுக்குப் பத்துதான் வாங்குகிறேன். வங்கி இவர்களுக்குக் கடன் கொடுக்குமா?

பதில்: மாதம் பத்து என்றால் ஆண்டுக்கு 120. உரிமம் உள்ளவரே அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம். உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் செய்வதே குற்றம். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்று விவிலியத்தின் விடுதலைப் பயணம் 22-இல் இருக்கிறது. 1179-இல் திருச்சபை ஆயர்கள் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிந்த வட்டிக்காரருக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது. இன்றைய குருவானவர்கள் சாந்தமானவர்கள், தப்பித்தீர்கள்.

கேள்வி: அவரைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. நம் கோயில் கூரைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தவர்.

பதில்: யார் வீட்டுச் சம்பளத்தில், அம்மா?

கேள்வி: பாவத்தைக் குருவானவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் சரியாகிவிடாதா?

பதில்: நற்செய்தியில் வரும் வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு மன்னிப்போடு நிற்கவில்லை, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான்கு மடங்கு கேட்கவில்லை. அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள், வாங்கிய வட்டியை அசலில் கழியுங்கள். பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள்.

கேள்வி: குழந்தையில் பெற்ற திருமுழுக்கு நினைவில்லை. பிளஸ் ஆற்றில் மூழ்கி மறுபடியும் பெறலாமா?

பதில்: ஒரே முறைதான். உங்களுக்கு நினைவில்லாவிட்டால் பங்குப் பதிவேட்டில் இருக்கிறது.

கேள்வி: பெந்தெகொஸ்தே சபை அண்ணன் ஞானத்தந்தை ஆகலாமா? வசதியானவர்.

பதில்: மேலே படிக்கவில்லையா? கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம், அவ்வளவுதான். வசதியைப் பற்றி யாரும் இனி எழுத வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் அட்டையும் அந்தக் கட்டில் இருக்கிறது. கேட்கப் பயம்.

பதில்: கேட்க வேண்டாம். நாளைக்கே அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய், பழைய அட்டையை முடக்கச் சொல்லிப் புதியது வாங்குங்கள். ரகசிய எண்ணை மாற்றுங்கள். அசல் கடன் உங்களுடையதுதான். எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்து வையுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், திங்கட்கிழமை நானும் வருகிறேன்.