மஞ்சப்பையில இருக்கிற மாத்திரைங்க: பக்கவாத மருந்து கேள்வி பதில்

ராயபுரத்துல மருந்துக்கடை கவுண்ட்டர்ல 26 வருஷமா நிக்கிறேன். டாக்டர் இல்ல, ஃபார்மசிஸ்ட். அந்த அளவுக்குத்தான் என் பதிலும்.

காசிமேட்டுல இருந்து: அக்கா, விடியக்காலைல ஏலத்துக்குக் கிளம்புறப்ப அப்பாவுக்கு வாய் கோணிக்கிச்சு, கையத் தூக்க முடியல. பக்கத்து வூட்டுக்காரரு ஈகோஸ்பிரின், அதான் ஆஸ்பிரின் மாத்திரை, குடுன்னாரு. குடுக்காமலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போய்ட்டோம். தப்பா?

தப்பே இல்ல தம்பி. நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின மென்னு முழுங்கச் சொல்றதக் கேட்டுட்டு, இதுக்கும் குடுத்துடறாங்க. மூளையில அடைப்பா ரத்தக்கசிவான்னு ஆளப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது, சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். கசிவா இருந்தா ஆஸ்பிரின் அதை இன்னும் மோசமாக்கும். வாய் கோணினவங்களுக்கு முழுங்கவும் சிரமம். குடுக்கிற தண்ணியே நுரையீரலுக்குள்ள போயிடலாம்.

அடைப்புன்னு தெரிஞ்சா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு. ஆல்டிப்ளேஸ், இல்லன்னா டெனெக்டிப்ளேஸ். நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுலயும் எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. ஆல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. பத்துல ஒரு பங்கை உடனே ஏத்திட்டு, மீதியை ஒரு மணி நேரத்துல ஏத்துவாங்க. கேஷுவல்டியில "எடை எவ்ளோ"ன்னு கேட்டா எரிச்சல்படாதீங்க, அதுக்குத்தான் கேக்குறாங்க. நேரத்தை நீங்க பாத்ததுல இருந்து எண்ணக் கூடாது. அவர் கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து எண்ணணும். 108க்குப் போன் பண்ணும்போதே அந்த நேரத்தை ஒரு காயிதத்துல எழுதிக்குங்க.

வியாசர்பாடி: அம்மாவுக்கு லேசாத்தான் வந்துச்சு, ரெண்டு வருஷம் ஆச்சு. ரத்தம் கரைக்கிற மாத்திரை ஒண்ணே ஒண்ணுதான் போடுறாங்க. போதுமா?

அந்த ஒண்ணை எடுத்துப் பாருங்கம்மா. போன வாரம் ஒரு அம்மா மஞ்சப்பையைக் கவுண்ட்டர்ல கொட்டினாங்க. அட்டையை வெட்டி வெட்டி வாங்கினதுல பேரு பாதி போயிடுச்சு, எக்ஸ்பயரி தேதியே இல்ல. தேடிப் பாத்தா, ரத்தம் கரைக்கிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொலஸ்ட்ராலுக்கான அடார்வாஸ்டாட்டின் மூணும் சேர்ந்த ஒரே கேப்சூல். அவங்க கணக்குல அது ஒரு மாத்திரை!

லேசான பக்கவாதத்துக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து வழக்கமா 21 நாள்தான். மூளை ரத்தக்குழாய் ரொம்பச் சுருங்கியிருந்தா 90 நாள் வரைக்கும் போகும். அப்புறம் ஏதாவது ஒண்ணு மட்டும். வருஷக்கணக்கா ரெண்டையும் போட்டா பலன் கூடாது, ரத்தக்கசிவுதான் கூடும். இதயத்துல ஸ்டென்ட் வெச்சவங்க கணக்கு வேற. அதனால நீங்களா நிறுத்தாதீங்க, சீட்டை எடுத்துட்டுப் போயி "இதை எது வரைக்கும்?"னு டாக்டரக் கேளுங்க.

கொருக்குப்பேட்டை: கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அடார்வா 80 எதுக்கு?

ரிப்போர்ட்டுல நார்மல்னு இருந்தாலும், அடைப்பு வந்த குழாய்க்கு அது போதாது. எல்.டி.எல்.ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 70க்குக் கீழ இருக்கணும்னு பாப்பாங்க. உடம்பு பூரா சதை வலி வந்தா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

திருவொற்றியூர்: பி.பி. இப்ப 130/80. மாத்திரைய நிறுத்திட்டேன்.

மாத்திரை போட்டதாலதான்ணே அது 130/80. இன்னிக்கே திரும்ப ஆரம்பிங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல பி.பி. மாத்திரை வீட்டுக்கே குடுக்கறாங்களே, பேரு குடுத்தீங்களா?

எருக்கஞ்சேரி: கைகால்ல புறா ரத்தம் தேய்ச்சா சரியாயிடும்னு ஆயா சொல்லுது.

புறாவை விட்டுடுங்க. பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போங்க.

தண்டையார்பேட்டை: எங்க அத்தைக்கு இதயத்துல செயற்கை உலோக வால்வு, ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் போடறாங்க. கீரையே தொடக் கூடாதாமே? டெஸ்ட் இல்லாத புது மாத்திரைக்கு மாத்திக்கலாமா?

கீரையில வைட்டமின் கே இருக்கு, அது இந்த மாத்திரைக்கு எதிரா வேலை செய்யும். அதுக்காகக் கீரையே கூடாதுன்னு இல்ல. வாரா வாரம் ஒரே அளவு சாப்பிட்டா, மாத்திரை அளவை அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கலாம். ஒரு மாசம் தொடாம இருந்துட்டு, திடீர்னு மூணு நாள் முருங்கைக்கீரைன்னா ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறையற நேரத்தைப் பாக்கிற டெஸ்ட் அளவு, இறங்கிடும்; ரத்தம் சீக்கிரம் உறையும். கீரையை விட எனக்குப் பயம் மூட்டுவலிக்குத் தானா வாங்கிப் போடுற டைக்ளோஃபெனாக்தான். வயித்துல ரத்தம் கசியும், மலம் கறுப்பாப் போகும்.

அபிக்ஸாபன், டபிகாட்ரான் மாதிரி புது மாத்திரைங்க, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாம இருக்கிற நிறைய பேருக்கு நல்ல மருந்து. ஆனா உலோக வால்வு இருந்தா கூடாது. அந்த வால்வுல ரத்தம் உறைஞ்சு கட்டியாகறதை அதுங்களால சரியாத் தடுக்க முடியல. அத்தை அசிட்ரோம்லயே இருக்கட்டும். கடைசியா ஐ.என்.ஆர். எப்ப பாத்தீங்க?

தண்டையார்பேட்டை: பொங்கலுக்கு முன்னாடி அக்கா.

ஆடி வந்துடுச்சேம்மா! நாளைக்குக் காலையிலயே கூட்டிட்டுப் போங்க, பழைய சீட்டையும் எடுத்துக்குங்க.