ஓடும்போது குளிர்ச்சி, சிக்னலில் சூடு: கமாரோ ரேடியேட்டர்

1968 செவ்ரோலெட் கமாரோ கார், 350 கன அங்குல இன்ஜின், புது அலுமினிய ரேடியேட்டர்; நெடுஞ்சாலையில் வெப்பமானி முள் அசையவில்லை, சிக்னலில் நின்றால் ஏறுகிறது, பழைய ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு சேரும் கூடு) பொருந்தாததால் கழற்றி வைத்துவிட்டேன் என்கிறீர்கள். காரணத்தை நீங்களே கடைசியில் சொல்லிவிட்டீர்கள். வண்டி ஓடும்போது காற்று தானாக வரும், நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும், ஷ்ரவுட் இல்லாவிட்டால் அது ரேடியேட்டரின் நடுவட்டத்தை மட்டும் இழுத்துவிட்டு, மிச்சத்துக்கு இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். புது ரேடியேட்டரின் அளவுக்கு ஒரு ஷ்ரவுட் வாங்குங்கள், ஃபேன் இறக்கையின் அகலத்தில் ஏறக்குறைய பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ளே, பாதி வெளியே நிற்கட்டும்.

வாங்கும் முன் வாட்டர் பம்ப்பைப் பாருங்கள். 68 வரை கமாரோவில் வந்தது குட்டை பம்ப், 69 முதல் நீளமானது. இடையில் யாராவது மாற்றியிருந்தால் ஃபேன் ஓர் அங்குலத்துக்கு மேல் முன்னால் தள்ளி நிற்கும், ஷ்ரவுட் ஆழக் கணக்கே தப்பாகிவிடும்.

தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு) கழற்றிப் போடு என்று சொல்பவர்கள் வருவார்கள், கேட்காதீர்கள்.

அப்புறம், எர்த் வயர் எதையும் ரேடியேட்டரில் முடுக்காதீர்கள், மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாயும். மல்டிமீட்டரின் ஒரு முனையை கூலன்ட்டில் முக்கி, மறுமுனையை பேட்டரி நெகட்டிவில் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, 0.3 காட்டினால் அலுமினியம் உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கிவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.