சொந்தமாகப் பல் கிளினிக் நடத்தி நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும்?

வலி வந்தவர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், வலி வரும் முன்பே நாம் அவரைக் கூப்பிட வேண்டும். திண்டுக்கல் பக்கம் சிறிய ஊரில் கிளினிக் நடத்தும் என் பதில் இதுதான்.

ரூட் கெனால் என்கிற வேர் சிகிச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு சிட்டிங்கில் வலி போய்விடும். அதன் பிறகு பல் உடையாமல் இருக்க மேலே கேப் என்கிற உறை போட வேண்டும். ஆனால் வலி போனதும் ஆளும் வரமாட்டார். "கேப்தானே, தீபாவளி கழிச்சுப் போட்டுக்கலாம் டாக்டர்" என்பார்கள். சொத்தை அரித்ததும் நாம் குடைந்து எடுத்ததும் போக, அந்தக் கடைவாய்ப் பல்லில் மிஞ்சுவது மெல்லிய சுவர்தான். முறுக்கைக் கடிக்கும்போது அது வேர்வரை பிளந்தால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். "அங்கே ரூட் கெனால் பண்ணினேன், நிக்கல" என்றுதான் அவர் ஊரில் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

அதனால் முதல் நாளே கேப்பையும் சேர்த்து மொத்தச் செலவைச் சொல்லிவிடுகிறேன். கேப் போடாமல் நிற்பவர்களுக்குத் தனி நோட்டு இருக்கிறது. ரிசப்ஷனில் இருப்பவர் வாராவாரம் அதைப் பார்த்துப் போன் செய்வார். பணம்தான் தடை என்றால் தவணையில் வாங்கிக்கொள்கிறோம்.

அப்புறம் குழந்தைகள். ஆறு வயதுவாக்கில் பால் பல் எதுவும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்துப் பெற்றோர் சொத்தையைக் கண்டுகொள்வதில்லை. அது நிரந்தரப் பல், போனால் போனதுதான். அம்மா பல் கிளீனிங்குக்கு வந்தால் கூட வந்த பிள்ளையின் வாயையும் பார்த்துவிடுங்கள். அந்தப் பல்லின் பள்ளங்களில் சொத்தை வராமல் தடுக்கும் சீலன்ட் பூச்சு போடுவதில் பெரிய வருமானம் இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் உங்களை விட்டுப் போகாது.

சாதனங்களும் இப்படித்தான். பல் குடையும் கருவிக்குக் காற்று தரும் கம்ப்ரசர் நின்றால் அன்றைய வேலையே நின்றது. டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி காட்டினால் போதாது, கிருமி நிஜமாகச் செத்ததா என்று, எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் செய்து பாருங்கள். அதன் கதவுக்கான கேஸ்கெட் (ரப்பர் வளையம்) ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, மருத்துவக் கழிவு ஒப்பந்தம் இரண்டும் எப்போது முடிகின்றன என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் என்றால் பெரிய போர்டு, விளம்பரம் எல்லாம் பிறகு. போன் செய்து நோயாளியிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒருவருக்கு முதலில் நல்ல சம்பளம் கொடுங்கள்.