நெறிக்கட்டு இருக்கட்டும், இடது விலாவுக்குக் கீழே என்ன?

கேள்வி: எனக்கு வயது 17. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். 16 நாட்களுக்கு முன் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் மாத்திரையைச் சாப்பிட்டேன். சில நாளில் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. நானே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வெள்ளையணு 13,400, லிம்போசைட் 62 சதவீதம், 'எடிபிகல் லிம்போசைட்ஸ்' என்றும் எழுதியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 13.8, பிளேட்லெட் 2,10,000. செல்கள் கட்டுப்பாடில்லாமல் பிரிவதுதான் புற்றுநோய் என்று இப்போதுதான் பாடத்தில் படித்தோம். இணையத்தில் தேடினால் லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் என்று வருகிறது. நகத்தில் வெள்ளைப் புள்ளிகள், கண்ணிமை துடிப்பு, எந்நேரமும் அசதி. இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது. அதற்கு கேஸ் மாத்திரை போடுகிறேன். ரிப்போர்ட்டை வீட்டில் காட்டவில்லை. சனிக்கிழமை கால்பந்துப் போட்டி. விளையாடலாமா?

பதில்: விளையாடக் கூடாது, தம்பி. இந்தச் சனிக்கிழமை மட்டும் இல்லை, இன்னும் சில வாரங்களுக்கு மைதானம் பக்கமே போகாதே. காரணம் சொல்கிறேன். அதற்கு முன் லுக்கீமியாவைப் பேசி முடித்துவிடலாம். இல்லாவிட்டால் நான் சொல்லும் எதுவும் உன் காதில் ஏறாது.

பாடத்தில் படித்த அந்த வரியில் 'கட்டுப்பாடில்லாமல்' என்ற சொல்லை நீ தாண்டிப் போய்விட்டாய். செல் பிரிவது நோய் இல்லை. உன் எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைப் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 120 நாள் ஓடித் தேய்ந்துபோன அணுக்களுக்கு அவை மாற்று. அதேபோல, ஒரு கிருமி உள்ளே வந்ததும் அதை அடையாளம் காணத் தெரிந்த லிம்போசைட் என்ற வெள்ளையணு இரண்டாகி, நான்காகி, சில நாளில் ஆயிரக்கணக்கில் பெருகும். இந்தப் பெருக்கம் நடக்கும் முக்கியமான இடம் நிணநீர் முடிச்சு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும், தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் கட்டுவதும் இதனால்தான். கிருமி அடங்கியதும் பெருக்கமும் அடங்கும். கட்டுப்பாடு என்றால் அதுதான்.

உன் ரிப்போர்ட்டில் நீ 62-ஐ மட்டும் பார்த்தாய். நான் முதலில் பார்த்தது ஹீமோகுளோபினையும் பிளேட்லெட்டையும். சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் மூன்றும் பிறப்பது ஒரே மஜ்ஜையில். கடும் லுக்கீமியாவில் கெட்டுப்போன ஒரே வகை செல் அந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். மற்றவை பிறக்க வழியிருக்காது. ஆள் வெளிறுவான், ஈறில் ரத்தம் கசியும், அடிபடாமலே தோலில் ரத்தப் புள்ளிகள் தெரியும். உனக்கு ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் இருக்க வேண்டிய அளவில் இருக்கின்றன. கூடியிருப்பது லிம்போசைட் மட்டும்: 13,400-இல் 62 சதவீதம் என்றால் எட்டாயிரத்துச் சொச்சம். பதினேழு வயது, தொண்டைப் புண், இரண்டு பக்கமும் நெறிக்கட்டு, வாரக்கணக்கில் அசதி, கூடவே அந்த 'எடிபிகல்' செல்கள். இத்தனையும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது எப்ஸ்டீன்-பார் வைரஸ் தரும் மோனோநியூக்ளியோசிஸ் காய்ச்சல்தான்.

'எடிபிகல்' என்ற சொல் பயமுறுத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்த வைரஸ் உன் பி லிம்போசைட்டுகளுக்குள் குடியேறுகிறது; அவற்றைத் தேடி அழிக்க டி லிம்போசைட்டுகள் உருப்பெருத்து வெளியே வருகின்றன. வழக்கமான உருவத்தில் இல்லாததால் அந்தப் பெயர். ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் இவை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும். லுக்கீமியா செல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரியும். பழகிய கண் பிரித்துவிடும். ஆனால் ஒரு காலத்தில் மருத்துவர்களே ஏமாந்திருக்கிறார்கள்: லுக்கீமியா என்று கைவிட்ட சில இளைஞர்கள் தானாகவே குணமாகி எழுந்து நடந்தார்கள். 1920-இல் ஸ்ப்ரன்ட், எவன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள்தான் இதைத் தனி நோயாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். ஆகவே உன் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். ரிப்போர்ட்டைத் தேடுபொறியிடம் காட்டிவிட்டு அப்பா அம்மாவிடம் மறைத்ததற்குத்தான் கோபம்.

இனி நீ எப்ஸ்டீன்-பார் என்று தேடுவாய். அது புற்றுநோய் வைரஸ் என்று வரும். 1964-இல் அதை முதலில் கண்டது ஒரு புற்றுக்கட்டியின் செல்களில்தான், உண்மை. ஆனால் உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸைச் சுமந்துகொண்டு சும்மாதான் நடமாடுகிறார்கள். தேடாதே.

அமாக்ஸிசிலினுக்கு வருவோம். உயிரியல் மாணவன் செய்கிற காரியமா இது? அந்த மருந்து பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கும். நமக்குச் செல்சுவர் இல்லாததால் நம் செல்கள் தப்பிக்கின்றன. வைரஸுக்குச் செல்சுவர் என்ன, செல்லே கிடையாது. மருந்து எதைப் போய் உடைக்கும்? அதைவிட, மோனோநியூக்ளியோசிஸ் இருக்கும்போது அமாக்ஸிசிலின் போட்டால் உடம்பெல்லாம் தடிப்பது எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால், அமாக்ஸிசிலினும் பென்சிலின் வகைதானே, எனக்குப் 'பென்சிலின் ஒவ்வாமை' என்று நீயே முடிவு கட்டாதே, மீண்டும் போட்டும் பார்க்காதே. மருத்துவர் விசாரித்துச் சொல்லட்டும். நெறி வற்றட்டும் என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வாங்காதே. நிஜமாகவே ரத்தப் புற்றோ நிணநீர்ப் புற்றோ இருந்தால்கூட ஸ்டீராய்டு அதைச் சில நாள் சுருக்கி, பரிசோதனையில் தெரியாதபடி மறைத்துவிடும்.

இப்போது கேஸ் மாத்திரை. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்; நான் இரண்டாவது முறை படித்த வரி அது ஒன்றுதான். இடது விலாவுக்குக் கீழே இருப்பது மண்ணீரல். சுமார் 150 கிராம் எடை, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. முதிர்ந்த சிவப்பணுக்களை வடிகட்டிக் கழிப்பது அதன் ஒரு வேலை என்று படித்திருப்பாய். இன்னொரு வேலையையும் நினைவில் வை: அது ரத்த ஓட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய நெறிக்கட்டு மாதிரி. கழுத்து முடிச்சுகளில் நடக்கும் அதே பெருக்கம் அங்கேயும் நடக்கும், அதுவும் வீங்கும். இந்த நோய் வந்தவர்களில் பாதிப் பேருக்காவது மண்ணீரல் வீங்குகிறது. வீங்கி இரைப்பையை நெருக்கினால் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறையும். நீ கேஸ் என்று நினைப்பது இதுவாக இருக்கலாம்.

சாதாரணமாக மண்ணீரல் விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கும். வீங்கியபின் விலாவுக்குக் கீழே எட்டிப் பார்க்கும். அதன் உறை மெல்லியது, உள்ளே முழுக்க ரத்தம். அந்த நிலையில் ஒரு முழங்கை இடி, பந்துக்காகப் பாய்ந்து விழும் ஒரு விழுகை போதும், கிழிந்துவிடும். சில சமயம் அடியே படாமல், கனமான பொருளைத் தூக்கும்போதோ முக்கும்போதோகூடக் கிழிந்திருக்கிறது. மிக அரிது, நூறில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் கிழிவது பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வாரங்களில்தான். உனக்கு இன்று பதினாறாம் நாள். காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, 'இனி விளையாடலாம்' என்று தோன்றுவதும் ஏறக்குறைய இதே நாட்களில்தான்.

ஆகவே இடது மேல் வயிற்றில் திடீரென்று கடுமையாக வலித்தால் அது அவசரம். வலி இடது தோள்பட்டை நுனிக்கு ஏறினால் சந்தேகமே வேண்டாம். வயிற்றில் கிழிந்ததற்குத் தோளில் ஏன் வலிக்க வேண்டும்? கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே மட்டத்திலிருந்து கிளம்புகின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குக் குழப்பம். தோளைச் சுளுக்கென்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டு வீட்டில் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடவே எழுந்தால் தலைசுற்றல், வியர்வை, வெளிறிய முகம், படபடவென்று நாடி இருந்தால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதே. ஆம்புலன்ஸ், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை, அவ்வளவுதான். இன்னொன்று: மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று நீயே அழுத்திப் பார்க்காதே, நண்பர்களையும் அழுத்தவிடாதே.

நகப் புள்ளி, நகத்தின் வேர் எப்போதோ அடிபட்டதன் தடம். கண்ணிமை, தூக்கம் கெட்டதால் துடிக்கிறது. அசதி இன்னும் சில வாரம் இருக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு மாதமும் இழுக்கும். நெறிக்கட்டை நாளுக்குப் பத்து முறை தடவிப் பார்ப்பதை நிறுத்து. தடவத் தடவ அது நோகத்தான் செய்யும். ஆறு வாரம் ஆகியும் வற்றாவிட்டாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ, கல் மாதிரி இறுகினாலோ, கழுத்தை விட்டுக் காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் புதிதாக ஒன்று தெரிந்தாலோ காட்டு.

நாளைக்கே ரிப்போர்ட்டை வீட்டில் காட்டி, ஒரு மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி, அமாக்ஸிசிலின் சாப்பிட்டது, தடித்தது, விலாவுக்குக் கீழே கனம், நான்கையும் சொல். தொண்டையையும் வயிற்றையும் பார்ப்பார். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான பரிசோதனை, ரத்தத்தை நுண்ணோக்கியில் மறுபடி பார்ப்பது, கல்லீரல் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் என்று எழுதித் தருவார். இந்த வைரஸைக் கொல்ல மாத்திரை கிடையாது; தண்ணீர், ஓய்வு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். ஆஸ்பிரின் வேண்டாம். தண்ணீர் பாட்டிலைக் கொஞ்ச நாள் யாரோடும் பகிராதே, எச்சிலில்தான் பரவும்.

மைதானத்துக்கு எப்போது திரும்பலாம் என்பதை உன் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும். பயிற்சியாளர் முணுமுணுத்தால் இந்தப் பதிலைக் காட்டு.