கணவருக்கு, மனைவிக்கு மனநோய்: உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? (கேள்வி பதில்)

நீலகிரியில் மனநல சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். நோயாளி எப்படி இருக்கிறார் என்று ஊரே விசாரிக்கும், கூட வாழ்கிறவரை யாரும் விசாரிப்பதில்லை. இன்று அவர்களுக்குத்தான் பதில். மாத்திரை அளவு கேட்க வேண்டாம், அது டாக்டரின் வேலை. தனியார் டாக்டர் நம்பரும் கேட்க வேண்டாம், கொடுக்க மாட்டேன்.

குன்னூரிலிருந்து ஓர் ஆசிரியை: கணவருக்கு பைபோலார், மனம் ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமான நோய், கோவையில் காட்டுகிறோம். இப்போது எனக்கே தூக்கம் போய்விட்டது, பள்ளியில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். அவருடைய டாக்டரிடமே நானும் பேசலாமா அக்கா?

அவரைப் பற்றிப் பேசப் போங்கள். உங்களுக்காகப் பேச வேறு ஆள் வேண்டும், இதை இன்று எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன். அந்த டாக்டருக்கு அவர்தான் நோயாளி. நீங்கள் உள்ளே போனால் கிடைக்கிற பத்து நிமிடமும் அவர் தூங்கினாரா, கண்டபடி செலவு செய்தாரா என்பதிலேயே கரைந்துவிடும். 'எனக்கு இனிமேல் முடியாது' என்று சொல்ல அந்த அறையில் உங்களுக்கு வாய் வராது. அவருக்குச் சந்தேகம் கூடியிருக்கும் சமயத்தில் நீங்கள் தனியாகப் போனது தெரிந்தால், அந்த டாக்டரிடம் போவதையே அவர் நிறுத்திவிடலாம்.

அடுத்தது யாரிடம் போவது என்பது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால், செத்தால் தேவலை என்று தோன்றினால், முதலில் மனநல மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. பட்டமோ டி.பி.எம். டிப்ளமோவோ படித்தவர். பேசிப் பேசித் தெளிய வேண்டியது என்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், ஆர்.சி.ஐ. நம்பர் என்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்டதற்குக் கோபப்படுகிறவர் உங்களுக்கு வேண்டாம். கவுன்சிலர் என்று போர்டு வைப்பவர்களில் சில வாரம் ஆன்லைனில் படித்தவரும் உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தீவிர மனநோய் உள்ளவரின் குடும்பத்தாரைப் பார்த்த அனுபவம் உண்டா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். முதல் நாளே 'விட்டுவிட்டு வந்துவிடு' என்றோ 'பெண்தான் பொறுத்துப் போகணும்' என்றோ தீர்ப்புச் சொல்கிறவரிடம் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

கொடைக்கானல்: மனைவிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். மூஞ்சிக்கல்லில் கடை வைத்திருக்கிறேன், நான் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

நியாயமான பயம்தான் சார். வீடியோவில் பார்ப்பவர்கள் மதுரையிலும் சென்னையிலும் நிறைய இருக்கிறார்கள், ஆர்.சி.ஐ. நம்பர் அங்கேயும் கேளுங்கள். நேரில்தான் வேண்டும் என்றால் சரக்கு எடுக்கக் கீழே இறங்கும் நாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி: தூக்க மாத்திரையை ஒன்றரையாக்கலாமா?

டாக்டரிடம் கேளுங்கள்.

கூடலூர்: கணவர் மாத்திரையைத் தொட மாட்டார். அத்தை காபியில் கலந்து கொடுக்கிறார். எனக்கு மனசு உறுத்துகிறது.

உறுத்துவது சரிதான் அம்மா. கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு பிக்கப் வண்டி ஓட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை உள்ளே போனது தெரியாமல் ஒருவர் நடுவட்டம் மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஓட்டுகிறார் என்றால் அது அவர் உயிரோடு நிற்கிற விஷயமா? இன்றே எழுதிக் கொடுத்த டாக்டருக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், அதுவும் ஆபத்து.

கோத்தகிரி: மேடம், ரசத்தில் கலந்து கலந்துதான் என் வீட்டுக்காரரைக் காப்பாற்றினேன். நீங்கள் சொல்கிற மாதிரி இருந்திருந்தால் அவர் தெருவில் கிடந்திருப்பார்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை அக்கா. வேறு வழியை யாரும் காட்டாதபோது செய்தீர்கள். ஆனால் மற்றவர்களுக்கு இதை வழியாகச் சொல்லாதீர்கள். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாதிரி மாத்திரைக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், வாந்தி பேதியில் உடம்பில் நீர் குறைந்தாலே அதன் அளவு ஏறி விஷமாகிவிடும். சாப்பிடுவதே தெரியாதவரிடம் எதைச் சொல்லி ரத்தம் எடுப்பீர்கள்?

பந்தலூர்: மேடம் சொல்வது உண்மை. என் அண்ணன் ஒரு நாள் கண்டுபிடித்தான். அதிலிருந்து வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை.

கோத்தகிரி: அப்போ நாங்கள் என்னதான் செய்வது? அவருக்குத் தனக்கு நோய் என்பதே தெரியவில்லையே?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நோயை ஒப்புக்கொள்ள வைக்க வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். அவருக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள், பெரும்பாலும் அது தூக்கமாக இருக்கும். 'தூக்கத்துக்காகப் போவோம்' என்றால் பலர் வருவார்கள். தினமும் மாத்திரையோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு மாதம் ஒரு தடவை போடும் ஊசி இருக்கிறது, அவர் சம்மதத்தோடு. தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 89வது பிரிவில் 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை தர வழி உண்டு, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அப்புறம், இத்தனை காலம் அந்த ரகசியத்தை நீங்கள் ஒருவராகச் சுமந்திருக்கிறீர்கள் அக்கா. அதை இறக்கி வைக்க உங்களுக்கென்று ஒருவர் வேண்டும்.

குன்னூர், ஊட்டி, கொடைக்கானல், இன்னும் சிலர்: நல்ல டாக்டர் நம்பர் கொடுங்கள்.

தனியார் யார் நம்பரும் கொடுக்க மாட்டேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன், தயவுசெய்து மேலே படியுங்கள். நான் கொடுக்கும் நம்பர் அரசின் மனநல உதவி எண் ஒன்றுதான்: 14416.

மஞ்சூர்: வியாதி முற்றும்போது அடிக்கிறார். இருவரும் சேர்ந்து கவுன்சிலிங் போகலாமா?

இப்போது வேண்டாம். அடி விழும் வீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் உங்களால் உண்மை பேச முடியாது, பேசினால் வீட்டுக்கு வந்ததும் அதற்கும் விழும். நோய் இருப்பதால் நீங்கள் அடி வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். ராத்திரியில் போய்த் தங்க ஒரு வீடு, துணி, ஆதார், கொஞ்சம் பணம் ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள். பேச ஆள் தேடுவது அதற்கு அப்புறம்.

பண்ணைக்காடு: காசு கொடுத்துப் பார்க்க வசதி இல்லை.

14416 டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் வட்டார அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வருவார்கள், எந்த நாள் என்று அங்கேயே கேட்டு வையுங்கள். சீட்டு போடும்போது உங்கள் பெயருக்குப் போடுங்கள், அவர் பெயருக்கு அல்ல.