பழைய ஸ்போர்ட்ஸ் டயர்கள் பாதி தேய்ந்திருந்தால் விலை போகுமா?

'பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) பாதிக்கு மேல் இருக்கிறது, எங்கே போனாலும் இருபதாயிரம் பெறும்' என்று யாரோ நான்கு டயர்களை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். பட்டனை விடுங்கள், முதலில் வயதைப் பாருங்கள். பார்க்காமல் பதினெட்டாயிரத்தைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

2021-இல் என் பழைய ஆக்டேவியா காருக்காக நான்கு பழைய ஸ்போர்ட்ஸ் டயர்கள் வாங்கினேன். 225/45 ஆர்17, நல்ல கம்பெனி. (பெயர் சொல்ல மாட்டேன், சண்டைக்கு வருவார்கள், தவறு டயருடையதும் அல்ல.) பட்டன்களுக்கு இடையே இருக்கும் காடியில் (பள்ளத்தில்) அளவுகோலை வைத்தால் ஆழம் 5 மில்லிமீட்டர். புதியதிலேயே 8-தான் இருக்கும், காடிக்குள் இருக்கும் எச்சரிக்கைத் திட்டு 1.6-இல்தான் தட்டுப்படும். விற்றவர் கறுப்புப் பாலிஷ் வேறு போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். போதாதா?

அடுத்த வாரம் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் 'கரி' கார் பந்தயத் தடத்துக்கு எடுத்துச் சென்றேன். மூன்றாவது சுற்றில் ஸ்டீரிங்கை ஒடித்தேன், கார் திரும்பவில்லை. நேராகப் புல்லில் போய் நின்றது.

திரும்பும் வழியில் டயர் கடைப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றி உட்பக்கத்தைக் காட்டினார். 3412. அதாவது 2012-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் தயாரான டயர். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வெளியே நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. பெரியவர் கட்டை விரல் நகத்தால் ரப்பரை அழுத்தினார். தடமே விழவில்லை. "சிலேட்டுப் பலகை தம்பி" என்றார். காடியை விரித்துக் காட்டினார். அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. உள் விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது. நான் அளந்தது நடுவில் மட்டும்.

சாதாரண டயரில் நாம் வாங்குவது ஓடும் தூரத்தை. ஸ்போர்ட்ஸ் டயரில் வாங்குவது பிடிமானத்தை. மென்மையான ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் இறுகிவிட்டால், பட்டன் எத்தனை இருந்தும் என்ன?

'எட்டு வருட டயரில்தான் ஊருக்குப் போய் வருகிறேன்' என்று யாராவது வருவீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். காசு கொடுத்து வாங்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

நானாக இருந்தால், நான்கு வயதுக்குள், மூன்று இடத்தில் அளந்தும் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல், பக்கச் சுவரில் ஒட்டு இல்லாமல் இருந்தால் புதிய விலையில் கால் பங்கு தருவேன். ஆறு வயதைத் தாண்டினால் தொடமாட்டேன். காரை வேண்டுமென்றே வழுக்கி ஓட்டிப் (டிரிஃப்ட்) பழகும் பையன்கள் சிலநூறு கொடுத்து எடுப்பார்கள். லாரி டயர் என்றால் ரீட்ரேட் (தேய்ந்த டயர் மேல் புதிய ரப்பர்) போடலாம், இதற்கு அதுவும் கிடையாது.

என்னுடையவை மொட்டைமாடியில் கிடந்தன. டயரில் மழைநீர் தேங்கிக் கொசுப்புழு இருக்கிறதென்று மாநகராட்சிக்காரர்கள் 500 ரூபாய் அபராதம் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வாசல் சாக்கடை ஆறு மாதமாகத் திறந்து கிடக்கிறது, அதில் இருப்பது என்ன வளர்ப்பு மீனா? கேட்டால் அது வேறு பிரிவாம். மறுநாளே பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். நான்கும் சேர்த்து 200 ரூபாய்.